பேர் வெட்டிய வாத்து

எனக்குக் கனடா வாத்துகளைப் பிடிக்காது. நியூ ஜெர்சியில் எந்த ஆபீஸ் வளாகத்துக்குப் போனாலும் அவை நமக்கு முன்னால் வந்து நிற்கும். புல்லை மேயும், நடைபாதை முழுக்க அசிங்கம் பண்ணி வைக்கும், சாலையைக் கடக்கும்போது நட்டநடுவில் நின்று எதையோ யோசிக்கும். இரண்டு பக்கமும் கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஒருத்தரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். மனுஷனுக்கு இல்லாத மரியாதை.

பிஸ்கட்டவேயில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியின் பார்க்கிங்கில், ஒரு ஏப்ரல் மாதம், அதில் ஒன்று என்னைத் துரத்தியது. பக்கத்துப் புதரில் அதன் கூடு இருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, இறக்கையை அகல விரித்து, வாயைத் திறந்து சீறிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால் அன்று என்னைக் கூட்டிப்போக என் மனைவி வந்திருந்தாள். இறங்கி வந்து காப்பாற்றுவாள் என்று பார்த்தால், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாத்துதான் இப்போது எங்கள் மாவட்டத்தின் கவுண்டி கல்லூரியின் கலைச் சேகரிப்பில் இருக்கிறது. நூலகத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம், எவர்சில்வரில், என் இடுப்பு உயரத்துக்கு, அதே சீறலோடு நிற்கிறது. செய்தது என் மனைவி.

அவள் சிற்பி ஆன கதை என் வயிற்றெரிச்சலோடு சேர்ந்த கதை. கோயம்புத்தூரில் பி.இ. மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணம் செய்து இங்கே வந்தபோது வேலைக்குப் போக விசா இடம் கொடுக்கவில்லை. விசா இடம் கொடுத்த காலத்தில் மகள் சின்னவளாக இருந்தாள். கிரீன் கார்டு வந்து, மகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் ஒண்ணு பண்ணிடு." எங்கள் ஆட்கள் அமெரிக்காவில் தலைவலிக்குக்கூட டெஸ்டிங் கோர்ஸைத்தான் சிபாரிசு செய்வார்கள். அவள் எல்லோரிடமும் தலையாட்டிவிட்டு, கவுண்டி கல்லூரியின் மாலை நேர வெல்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

"வெல்டிங்கா?" என்றேன்.

"ஆமாங்க. படிக்கும்போது ஒர்க்‌ஷாப்ல அதுதான் எனக்குப் புடிச்சுது."

"அத வெச்சு என்ன பண்ணப் போற?"

"தெரியலீங்க. மொதல்ல கத்துக்கறேன்."

கற்றுக்கொண்டாள். அடுத்த குளிர்காலத்துக்குள் எங்கள் கராஜ் அவளுடையதாகிவிட்டது. ஆர்கான் சிலிண்டர் ஒரு மூலையில், வெல்டிங் மெஷின் ஒரு மூலையில், நடுவில் இரும்பு மேஜை. என் கார் வெளியே பனியில். காலையில் கண்ணாடியில் உறைந்திருக்கும் ஐஸைச் சுரண்டும்போதெல்லாம் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும்போது அவள் முகம் இருக்கும் இருப்பைப் பார்த்தால் சுரண்டிவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றும். அப்படி ஒரு களிப்பை நான் கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பார்த்ததில்லை. அந்தக் களிப்புக்கு நான் காரணம் இல்லையே என்று கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

முதலில் கதவுக் கொக்கி, செடித்தொட்டி ஸ்டாண்டு என்று செய்துகொண்டிருந்தவள், ஒருநாள் சாப்பிடும்போது அறிவித்தாள். "அந்த வாத்தச் செய்யப் போறேன்."

"எந்த வாத்து?"

மகள் சாதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அப்பா, யூ நோ விச் ஒன்," என்றாள்.

வாத்துக்கு எவர்சில்வர்தான் வேண்டும் என்றாள். புதுத் தகடு வேண்டாம், புழங்கிய பாத்திரமாக இருந்தால் அதில் ஒரு மினுமினுப்பு இருக்கும் என்றாள். எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டாள்: வேண்டாத எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் கொடுங்கள், ஒரு கலைப்பொருள் செய்யப் போகிறேன். நான் நினைத்தேன், நம் ஆட்களாவது பாத்திரத்தைக் கொடுப்பதாவது. ஒரு ஸ்பூன் காணாமல் போனால் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள். அந்த வார இறுதிக்குள் எங்கள் வாசலில் மூட்டை மூட்டையாகப் பாத்திரம் குவிந்துவிட்டது. டம்ளர், தட்டு, தூக்கு, சம்படம், கரண்டி, ஒரு பெரிய குண்டான். கொடுத்தவர்கள் முகத்திலெல்லாம் ஒரு நிம்மதி வேறு. "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க, ரொம்ப நாளா அப்டியே கெடக்குது," என்று வைத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

மருந்துக் கம்பெனியில் நான் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த நிம்மதியைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் பாத்திரங்களில் பேர் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்கும்போதே "பேர் வெட்டணுமா?" என்று கேட்டு, ஒரு குட்டி மெஷினை வைத்து டர்ரென்று புள்ளி புள்ளியாகப் பேர் போட்டுக் கொடுப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. சொந்தக்காரர் பேரும் வெட்டுவோம், அன்பளிப்புக் கொடுத்தவர் பேரும் வெட்டுவோம். என் சித்தப்பா பேர், ஊர் பேரோடு, எங்கள் வீட்டுத் தட்டில் இருக்கிறது. அதனால் தட்டு சித்தப்பாவுடையது ஆகாது. ஆகவே மூட்டையில் வந்த பாத்திரங்களில் கண்ட கண்ட பேர்கள் இருந்தது எங்கள் இருவருக்கும் வித்தியாசமாகவே படவில்லை. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் வந்த அன்பளிப்பு என்றுதான் நினைத்தோம்.

அவளுக்கு அந்தப் பேர்கள் பிடித்திருந்தன. கராஜ் மேஜையில் பாத்திரங்களைப் பரப்பி வைத்து, பேர் தெரியும் பக்கமெல்லாம் வெளியே வருகிற மாதிரி அடுக்கிப் பார்த்தாள். அப்போது விளையாட்டாக ஒன்று சொன்னாள்.

"இங்க பாருங்க. நம்ம வீட்ல இருக்கற பாத்திரத்துல உங்கப்பா பேரு இருக்குது. சீர்ப் பாத்திரத்துல எங்கப்பா பேரு இருக்குது. உங்க சித்தப்பா பேரு ஊரோட இருக்குது. எம்பேரு ஒண்ணுத்துலயும் இல்ல பாருங்க."

"உம்பேருதான் கிரெடிட் கார்டுல இருக்குதே," என்றேன்.

சிரித்தாள். நானும் பெரிய ஜோக் அடித்துவிட்ட திருப்தியோடு உள்ளே போய்விட்டேன்.

வாத்து வளர்ந்தது. டம்ளர்களின் அடியை அறுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கழுத்து. தட்டுகளை வெட்டி வளைத்து இறக்கை. சின்னச் சின்ன ஸ்பூன்களை நெருக்கி வைத்து வால். சீறும் வாய்க்கு இரண்டு தோசைத் திருப்பிகள். மார்புக்கு அந்தப் பெரிய குண்டான். அதன் வளைந்த அடிப்பாகம் வெளியே பார்க்க, விளிம்பைச் சுற்றிக் கழுத்தும் கால்களும் இறக்கைகளும் வந்து சேர்ந்தன. எவர்சில்வர் மெலிசானது, கொஞ்சம் அதிகம் சூடு காட்டினால் ஓட்டை விழுந்துவிடும். சரியாகச் சூடு காட்டிய இடங்களில் நீலமும் பொன்னுமாக, பட்டுப் புடவைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே, அந்த நிறம் ஓடியது. எனக்குக் கலை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை காலை குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு கராஜ் கதவைத் திறந்தவன், அது என்னைப் பார்த்து நின்ற நிலையைக் கண்டு ஓரடி பின்வாங்கினேன். அது போதாதா?

வெல்டிங் வகுப்பு ஆசிரியர் கல்லூரியின் கலைக்கூடத்துக்குச் சொல்ல, கலைக்கூடத்துப் பொறுப்பாளரான கியூரேட்டர் எங்கள் கராஜுக்கே வந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி, மஞ்சள் பிரேம் கண்ணாடி போட்ட அமெரிக்கப் பெண்மணி. வாத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வலசை போவதை மறந்து வந்த இடத்திலேயே தங்கிவிட்ட பறவை, புலம்பெயர்ந்தவர்களின் குறியீடு என்று என்னவெல்லாமோ சொன்னார். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இல்லை, இது என் வீட்டுக்காரரைத் துரத்திய வாத்து என்று சொல்லிவிட்டாள். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்கள் கையெழுத்து எங்கே?" என்று அவர் கேட்டார். சிற்பத்தில் செய்தவர் பேரை எங்காவது ஒரு மூலையில் பொறிப்பார்களாம்.

"இதுல ஏற்கெனவே நெறையப் பேரு இருக்குது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையெழுத்துப் போடவில்லை.

கியூரேட்டர் விஷயத்தைச் சொன்னார். உள்ளூர்க் கலைஞர்களின் கண்காட்சி ஒன்று வரப்போகிறது. வாத்தை அதில் வைக்கலாம். கண்காட்சி முடிந்ததும் கமிட்டி கூடி, பிடித்திருந்தால், கல்லூரியின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொள்ளும். நூலக வாசலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

அவர் போன பிறகு என் மனைவி கராஜ் படியில் உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றினாள். "இது எனக்கு வேணுங்க," என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் 'எனக்கு வேண்டும்' என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு வாங்கினால் சரி என்பாள், கார் மாற்றினால் சரி என்பாள். வேண்டும் என்று சொன்னது அந்த வாத்தின் இடத்தைத்தான். "கெடைக்கும்," என்றேன், கமிட்டியில் என் மாமன் மச்சான் இருப்பதுபோல.

கண்காட்சித் திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பாத்திரம் கொடுத்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தோம். கூப்பிட்டால் நம் ஆட்கள் வருவார்கள். வந்தால் பட்டுப் புடவையில் வருவார்கள். மற்றக் கலைஞர்களின் விருந்தினர்கள் ஒயின் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க, எங்கள் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தையே கொண்டுவந்து இறக்கியது. முன்னால் வந்தவர் ஆன்ட்டி.

ஆன்ட்டி என்றால் எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பொள்ளாச்சிக்காரர், எழுபதைத் தாண்டியவர். எங்களுக்கெல்லாம் முன்னால் இங்கே வந்து, யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் பாயசம் காய்ச்சிக்கொண்டு போகிறவர். அவருக்கும் அவருடைய சிநேகிதியான இன்னொரு ஆன்ட்டிக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. அந்தச் சிநேகிதி ஒரு காலத்தில் இவர் இருந்த அபார்ட்மென்ட்டின் மாடியில் குடியிருந்ததால் அவரை மேல்வீட்டு ஆன்ட்டி என்போம். பேச்சு நின்ற காரணமும் ஊருக்கே தெரியும். புதுவீடு புகும்போது இரவல் வாங்கிய பாயசக் குண்டானை மேல்வீட்டு ஆன்ட்டி திருப்பித் தரவே இல்லையாம். தந்துவிட்டேன் என்பார் அவர். வரவே இல்லை என்பார் இவர். ஒரு விசேஷத்துக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார்.

ஆன்ட்டி வாத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். மார்பைத் தடவினார்.

"இது என் குண்டானாச்சே!" என்றார்.

கூடம் முழுக்கக் கேட்டது. அடுத்த நொடி ஒரு அங்கிள் கழுத்துக்குப் பக்கத்தில் போய், "அட, இது எங்க வீட்டு டம்ளர்! எங்க நைனா பேரு!" என்றார். "இந்தத் தட்டு எங்களுது. ஏங்க, இது உங்க வீட்லயா இருந்துச்சு?" "எங்க தூக்குல பாதிய இங்க அறுத்து வெச்சிருக்கு பாருங்க!" எல்லோரும் வாத்தின் மேல் கவிழ்ந்துவிட்டார்கள். யாரும் தங்கள் பாத்திரத்தைக் கொடுத்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பாத்திரத்தைக் கொடுத்திருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பொங்கல் கொண்டாட்டம், பிறந்தநாள், கொலு என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பாத்திரம் போகும். போன பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். சாதாரணமாக எதையாவது போட்டால் நன்றாக இருக்காது, ஒருநாள் நல்லதாகச் செய்து போட்டுக் கொடுப்போம் என்று அலமாரியில் வைப்போம். அந்த ஒருநாள் வராது. ஒரு வருஷம் போன பிறகு கொடுக்க வெட்கம். அடுத்தவர் பேர் வெட்டிய பாத்திரத்தில் மனசாரச் சமைக்கவும் முடியாது, குப்பையில் போடவும் கை வராது. அந்த நேரத்தில் பார்த்துக் கலைக்குப் பாத்திரம் வேண்டும் என்று ஒருத்தி கேட்டால் விடுவார்களா? அந்த நிம்மதிக்கு அதுதான் அர்த்தம்.

சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. பல வருஷம் கழித்துத் தொலைந்த பிள்ளையைப் பார்த்த மாதிரி டம்ளரோடு செல்ஃபி எடுத்தார்கள். குண்டான் யார் வீட்டிலிருந்து வந்தது என்ற விசாரணையும் அங்கேயே நடந்தது. கொடுத்த பெண் கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்: "எங்களுது இல்ல ஆன்ட்டி. பிளானோவுக்கு மூவ் ஆகிப் போனாங்களே, அவங்க காலி பண்ணும்போது எங்க வீட்ல வெச்சிட்டுப் போனாங்க." உடனே பிளானோவுக்கு வீடியோ கால். டெக்ஸஸில் கணவர் காரை ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த மனைவி போனை எடுத்தாள். குண்டானைக் காட்டினார்கள்.

"ஐயோ, ஆன்ட்டி குண்டான்!" என்றாள் அவள். "பையன் பொறந்தப்ப ஆன்ட்டி பாயசம் குடுத்து விட்டாங்க. ரிட்டர்ன் பண்ணணும் பண்ணணும்னு இருந்தேன் ஆன்ட்டி, சாரி! பையன் இப்ப ஹைஸ்கூல் போறான்!"

மேல்வீட்டு ஆன்ட்டியின் புதுவீடு புகுவிழா அதற்கெல்லாம் முன்னால் நடந்தது. அப்படியென்றால் அவர் குண்டானைத் திருப்பித் தந்திருக்கிறார். தந்த பிறகு அதில்தான் இந்த ஆன்ட்டி பாயசம் காய்ச்சி அந்தக் குழந்தைக்கு அனுப்பி, அனுப்பியதை மறந்திருக்கிறார். எல்லோருக்கும் இது ஒரே நேரத்தில் விளங்கியது. ஆன்ட்டி முகம் சிவந்துபோய் நின்றார்.

கியூரேட்டர் அதுவரை இப்படி ஒரு திறப்பு விழாவைப் பார்த்ததே இல்லை என்று பூரித்துப் போயிருந்தார். பிறகு மெதுவாக என் மனைவியிடம் வந்து, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள், சொன்னாள். கியூரேட்டரின் முகம் மாறியது. பொருளெல்லாம் செய்தவருக்குச் சொந்தமாக இருந்தால்தான் சேகரிப்பில் சேர்க்க முடியும், யாராவது ஒருவர் என்னுடையது, திருப்பிக் கொடு என்று கேட்டால்கூட கமிட்டி தொடாது என்றார். என் மனைவி எங்கள் கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் இதைச் சொன்னாள்.

"நீயே வெச்சுக்கோம்மா!" "எங்க டம்ளராவது காலேஜுல இருக்கட்டும், நாந்தான் காலேஜு போகல!" என்று நாலா பக்கமும் குரல் வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஆன்ட்டி சொன்னார்.

"என் குண்டான் எனக்கு வேணும் கண்ணு."

ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவில்லை. வேணும், அவ்வளவுதான். கியூரேட்டர், கமிட்டி அடுத்த வாரக் கடைசியில் கூடுகிறது, அதற்குள் சரிசெய்தால் பார்க்கலாம் என்றார். குண்டானை எடுத்தால் வாத்துக்குக் கழுத்து நிற்காது.

வாத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்து, மினிவேனின் பின்சீட்டுகளை மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகள் அதற்கு ஒரு சீட் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டாள். நான் வழி முழுக்கக் கத்திக்கொண்டு வந்தேன். இந்த வயசில் குண்டானை வைத்து என்ன செய்யப் போகிறார், தொலைத்தது அவர், தண்டனை உனக்கா, நான் போய்ப் பேசுகிறேன் என்றெல்லாம். அவள் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "அவங்க பாத்திரம்ங்க. கேட்டாக் குடுக்கறதுதான்."

அடுத்த நாளே அறுத்தாள். வெல்டிங் முகமூடிக்குள் அழுதாளா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. நல்ல வேளையாக விளிம்பில்தான் வெல்டிங் பிடித்திருந்தது. குண்டானுக்கு ஓட்டை விழவில்லை. தழும்புகளைத் தேய்த்து, கழுவித் துடைத்து, முந்திரியும் நெய்யும் மிதக்க ரவா கேசரி கிளறி அதில் போட்டாள். வெறுமையாகவா தர முடியும்? ஆன்ட்டி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். நான் காரைவிட்டு இறங்கவில்லை. அவ்வளவு கோபம்.

வாத்துக்கு வேறு மார்பு தேடினோம். கடையில் வாங்கிய அமெரிக்க மிக்ஸிங் பவுல் ஒன்றை வைத்துப் பார்த்தோம். சாப்பிடும் குழந்தைக்குத் துணி கட்டிவிட்ட மாதிரி இருந்தது. "இட் லுக்ஸ் ஹங்ரி," என்றாள் மகள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவி சிரிக்கவில்லை. பவுலைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தில்லாத அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கமிட்டி கூட இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

சனிக்கிழமை பதினோரு மணி வாக்கில் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஆன்ட்டி. அவர் பக்கத்தில் மேல்வீட்டு ஆன்ட்டி. இருவர் நடுவில், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அலுமினியத் தாள் மூடிய குண்டான். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மொதல்ல எறக்கி வைக்க எடம் சொல்லு தம்பி, கை சுடுது," என்றார் மேல்வீட்டு ஆன்ட்டி.

குண்டான் நிறையப் பால் பாயசம். சமையலறையில் வைத்துவிட்டு ஆன்ட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ வீட்டுக்கு நான் எந்த மொகத்த வெச்சுக்கிட்டுப் போறது, சொல்லு? இத்தன வருஷமாத் திருடின்னு சொல்லாத கொறையா ஊர் பூராச் சொல்லியிருக்கேன். அந்தக் குண்டான்லயே பாயசம் காய்ச்சி எடுத்துட்டுப் போனாத்தான் எனக்கு வாய் வரும்னு தோணுச்சு. அதான் கேட்டேன் கண்ணு. அத்தன பேர் முன்னாடி காரணத்தச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"வாசல்ல வந்து நின்னா," என்றார் மேல்வீட்டு ஆன்ட்டி. "ஒரு வார்த்த பேசல. குண்டான நீட்டுனா. நானும் ஒரு வார்த்த கேக்கல. உள்ள வாடின்னேன். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்."

"உனக்குச் சுகர், அதான் தூக்கலாத் தெரியுது."

காருக்குள் உட்கார்ந்து நான் பட்ட கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தோம். மகள் இரண்டாவது தடவை வாங்கினாள். குண்டான் காலியானதும் என் மனைவி அதைக் கழுவப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. வெகுநேரம் அவள் வரவில்லை.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சிங்க் முன்னால் ஈரக் கையோடு குண்டானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளிம்புக்குக் கீழே ஆன்ட்டியின் பேர் பழைய புள்ளிகளில் இருந்தது. அதற்குக் கீழே புதிதாக, பளபளவென்று, கோணல் மாணலான தமிழ் எழுத்தில், என் மனைவியின் பேர்.

"எடிசன் டவுன்ல பாத்திரக் கடையில மெஷின் இருக்குது," என்றபடி ஆன்ட்டி பின்னாலேயே வந்துவிட்டார். "குஜராத்திக்காரன். தமிழ் தெரியாது அவனுக்கு. நான் பேப்பர்ல எழுதிக் காட்டினேன், கோலம் போடற மாதிரி பாத்துப் பாத்துப் போட்டான். கொம்பு ஒண்ணு சாஞ்சிருச்சு, பரவால்ல. கேசரி போட்டுக் குடுத்த பாத்திரத்த நான் வெறுமையாத் தர முடியுமா? பாயசமும் போட்டாச்சு, பேரும் போட்டாச்சு. பேர் வெட்டியாச்சுன்னா இது உன் பாத்திரம் கண்ணு. அந்த மஞ்சக் கண்ணாடிக்காரிகிட்டச் சொல்லு. இனிமே எவளும் வந்து கேக்க முடியாது."

என் மனைவி அழுதாள். இந்த முறை முகமூடி இல்லை. அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு ஆன்ட்டிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று முதுகைத் தட்டினார்கள். கிரெடிட் கார்டு ஜோக் அடித்த நான் நிலைப்படியில் நின்றேன். எனக்கும் கண் கலங்கியது, அதை ஒன்றும் மறைக்கப் போவதில்லை.

அன்று மதியமே குண்டானை வாத்தின் மார்பில் மறுபடி பொருத்தினாள். இரண்டு பேர்களும் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்துத்தான் வெல்டிங் பிடித்தாள். ஆன்ட்டிகள் கராஜ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் கத்தக் கத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமிட்டி சேர்த்துக்கொண்டது. சேர்க்கும் நாளில் கியூரேட்டர் சம்பிரதாயமாகக் கேட்டார், பொருளெல்லாம் உங்களுடையதுதானே என்று. என் மனைவி மார்பிலிருந்த பேரைத் தொட்டுக் காட்டி, படித்தும் காட்டினாள். மறுமுறை கையெழுத்து எங்கே என்று அவர் கேட்கவில்லை. இப்போது பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் வாத்தின் தோசைத் திருப்பி மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேள்வி. யார் தொடங்கி வைத்ததோ தெரியாது. எங்கள் பிள்ளைகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கமிட்டி சேர்த்துக்கொண்ட அன்று வாத்தை நூலக வாசலில் விட்டுவிட்டுக் காருக்கு வந்தோம். அவள்தான் ஓட்டினாள். பார்க்கிங்கைவிட்டு வெளியேறும் இடத்தில் நிஜ வாத்துகள், குஞ்சுகளோடு, சாலையைக் கடந்துகொண்டிருந்தன. அவள் காரை நிறுத்தினாள்.

"எம்பேரு போட்ட மொதப் பாத்திரம்ங்க," என்றாள். "அதையுந் தூக்கிக் காலேஜுக்குக் குடுத்துட்டு வர்றேன் பாருங்க."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். முன்னால் போன வாத்து நடுச்சாலையில் நின்று எதையோ யோசித்தது. யோசிக்கட்டும் என்று நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.